அக்கா வீட்டுப் பாலில் வராத கோடு

பால் பாக்கெட்டைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் காப்பி ஞாபகம் வரும். எனக்குச் செங்கம் ரோட்டுக் கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் ஞாபகம் வரும். அப்போது திருவண்ணாமலையில் அரசாங்கப் பால் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். காலையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வகைப் பாக்கெட்டிலும் ஒன்று, கேனில் வைத்து விற்கிற பாலில் ஒரு குப்பி என்று சாதாரண வாடிக்கைக்காரி மாதிரி வாங்கி வர வேண்டும். நான் யாரென்று மூச்சு விடக் கூடாது. விட்டால் உள்ளே போய் நல்ல பாலாகப் பார்த்து எடுத்து வந்து நீட்டுவார்கள்.

“இன்னா மேடம், இதுல ஒண்ணு அதுல ஒண்ணுனு பொறுக்குறீங்க? ஒரே பாலா வாங்கிக்கினு போவ மாட்டீங்களா?” என்று ஆசிரமத்துப் பக்கம் கடை வைத்திருந்தவர் தினமும் சலித்துக்கொள்வார்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பால், மாமியாருக்கு ஒரு பால், எனக்கு ஒரு பால். ஒத்துப்போவாத குடும்பம்ங்க, இன்னா செய்யறது?” என்பேன்.

மனுஷர் நம்பிவிட்டார். ஒருநாள் என்னை வண்டியில் இறக்கிவிட வந்த என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்து, “பொண்டாட்டி குடிக்கிற பாலையே நீங்களும் குடிச்சா இன்னா சார் கொறஞ்சிடும்?” என்று புத்தி சொல்லிவிட்டார். அன்று வீட்டில் எனக்கு நடந்த அர்ச்சனையைக் கேட்க வேண்டுமே!

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய மாடி வீட்டின் முன்னறையும் சமையலறையும், அவ்வளவுதான். அடுப்பு இருந்த மேடையில் சோதனைச் சாமான்கள், அலமாரியில் குப்பிகள். எத்தனை கழுவினாலும் போகாத புளித்த பால் வாடை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மலையைச் சுற்றி வந்தவர்கள் எங்கள் படிக்கட்டு முழுக்கப் படுத்துக் கிடப்பார்கள். ஐஸ் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, “கொஞ்சம் காலை மடக்குங்க சாமி, கொஞ்சம் காலை மடக்குங்க” என்று கெஞ்சிக்கொண்டே மேலே ஏறுவோம். என்னோடு வேலை செய்தவள் போளூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு வாய் ஓயாது, எனக்குக் கோபம் ஓயாது. இரண்டு பேரும் சண்டை போடாத நாளில் கீழ் வீட்டு அம்மா மேலே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன். ஏ.சி. அறை, தனி மேஜை, கம்ப்யூட்டர். படிக்கட்டில் ஒருத்தரும் படுப்பதில்லை. ஆனாலும் அந்த வாடை பிடித்த சமையலறைக்காக என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

தண்ணீர் கலந்திருக்கிறதா, சர்க்கரை, யூரியா ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் பழைய சோதனைகள். பூசண நஞ்சுக்கான சோதனை எங்களிடம் பின்னால்தான் வந்தது. மாடு தின்கிற தீவனத்தில் பூசணம் பிடித்தால், சில வகைப் பூசணம் அதில் ஒரு நஞ்சை விட்டுவைக்கும். மாடு தின்றால் அது பாலில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் போகாது. ஒரு நாள் குடித்ததில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாள்பட்டுக் குடித்தால் ஈரலைக் கெடுக்கும்.

சோதனை என்னவோ எளிதுதான். சின்னக் குழியில் பாலை விட்டு, இளஞ்சூட்டில் வைத்து, ஒரு காகிதக் குச்சியை அதில் நிறுத்தினால் கோடு எழும்பி வரும். இரண்டு கோடும் பளிச்சென்று வந்தால் பால் சுத்தம். ஒரு கோடு மங்கினாலோ வராமலே போனாலோ அந்தப் பாலில் நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சென்னையில் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி செய்துகொள்வோம். கர்ப்பம் பார்க்கிற குச்சி மாதிரியே இருக்கும். “அங்க ரெண்டு கோடு வந்தா புருஷனுக்குப் போன் போடணும், இங்க ஒரு கோடு போச்சுன்னா ஆபீசருக்குப் போன் போடணும்” என்று போளூர்க்காரி சிரிப்பாள்.

எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிற பொருள் எதையும் குப்பையில் கொட்டும் வழக்கம் கிடையாது. புளித்த சோறா, ஊசின குழம்பா, பூசணம் பிடித்த தேங்காய் மூடியா, “மாட்டுக்கு வை” என்பதுதான் பதில். மனுஷனுக்கு ஆகாதது மாட்டுக்கு ஆகும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, எல்லார் வீட்டிலும் அதுதான் நடக்கும். எங்கள் அம்மாவும் செய்தாள், நானும் செய்தேன். அந்தக் குச்சி எங்கள் கைக்கு வரும் வரை அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை.

என் அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் வீடு. கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு. மாமா நெல் அறுக்கிற வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றுபவர், வீட்டில் இருப்பதே அபூர்வம். அக்கா பாலைத் தெருவில் சில வீடுகளுக்கும் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கும் ஊற்றுவாள். எனக்கு ஒரு பாட்டில் காலை வேனில் வந்துவிடும். அக்கா பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெயில் காலத்தில் தண்ணீர் கலக்கிற பால்காரர்களை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கிழிப்பவள் அவள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குச்சி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, சந்தேகமே இல்லாத ஒரு பாலை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரன் அதற்கென்று சுத்தமான பாலில் செய்த ஒரு பொடி கொடுப்பான். பொடி தீர்ந்துபோய், அடுத்தது வர நாளாகும்போதெல்லாம் நான் வைத்தது அக்கா வீட்டுப் பாலைத்தான். எனக்கு அதில் ஒரு பெருமை. ஊரில் விற்கிற பாலையெல்லாம் அக்கா பாலோடு நிறுத்திப் பார்க்கிறேன் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். “பின்ன, சும்மாவா?” என்று முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. அக்கா மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பெண் குழந்தை பெற்று, பச்சை உடம்போடு இருந்தாள். சென்னையில் கம்பெனி வேலை பார்த்த பெண். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று மூன்று வேளையும் பூண்டு போட்டுக் காய்ச்சின பாலை டம்ளர் டம்ளராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான், பொடி தீர்ந்திருந்ததால், அக்கா அனுப்பின பாலை வைத்தேன். ஒரு கோடு வந்தது. இன்னொன்று வரவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! அக்கா மேல் இல்லை, குச்சி விற்றவன் மேல். உடனே போனைப் போட்டு, “நீங்க அனுப்பினது ஸ்ட்ரிப்பா, இல்ல ஐஸ் குச்சியா? அரசாங்க வேலைன்னா கேக்க ஆளில்லைனு நினைச்சிட்டீங்களா?” என்று பிடிபிடியென்று பிடித்தேன். பாவம், அந்தப் பையன் மன்னிப்பே கேட்டுவிட்டான். போனை வைத்துவிட்டு, அதே டப்பாவிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்துக் கடைப் பாக்கெட் பாலில் வைத்தேன். இரண்டு கோடும் கரும்பலகையில் எழுதினது மாதிரி வந்தது. மறுபடி அக்கா பால். ஒரே கோடு. போளூர்க்காரி முதல் தடவையாக வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

மேலதிகாரியிடம் சொல்லி, மிச்சப் பாலைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். மாட்டுக் கொட்டகையில் நுழைந்ததுமே பூசண வாடை மூக்கில் ஏறியது. மூலையில் ஒரு சாக்கு நிறையப் புண்ணாக்கு. கையில் எடுத்தேன். உடைந்த இடத்தில் பச்சையாகப் பொடி ஒட்டியிருந்தது.

“இது எங்கக்கா வாங்கின?”

“வாங்கறதா? நம்ம மல்லாட்டைதான்” என்றாள் அக்கா. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். “புடுங்கிப் போட்ட அன்னிக்கே மழ புடிச்சிக்கிச்சி. நல்லதையெல்லாம் வித்துட்டேன். கறுத்ததும் சொத்தையும் மட்டும் ஒதுக்கி, மில்லுல குடுத்து ஆட்டிக்கினு வந்தேன். எண்ணெய வெளக்குக்கு வெச்சிக்கினேன், புண்ணாக்கு மாட்டுக்கு. பொண்ணு பால் குடிக்கிற நேரம்டி. மாட்டுக்கு நல்லா வெச்சாதான பாலு திக்கா வரும்?”

“பூசணம் இருக்கே, பாக்கலயா?”

“லேசா இருந்துச்சி. நல்லா வெயில்ல போட்டு, மேலாப்புல சொரண்டிட்டுதான் வெச்சேன். நான் இன்னா லூஸா?”

நான் சொன்னேன். எத்தனை பக்குவமாகச் சொன்னாலும் அந்தச் செய்தியில் பக்குவம் ஏது? அக்கா முகம் சிவந்துவிட்டது.

“என் பாலு வெஷம்னு சொல்லவா பஸ்ஸு ஏறி வந்த? தெருவுல போய்க் கேளு, என் பாலப் பத்தி எவனாவது ஒரு வார்த்த சொல்லட்டும். நீ வளந்ததே எங்கையால கறந்த பாலுல தான்டி!”

அது உண்மைதான். அம்மா வயலுக்குப் போன நாளெல்லாம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் புகட்டியவள் அவள்தான். அப்போதுதான் வாசற்படியில் குழந்தையோடு அக்கா மகள் நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சித்தி, மாடு துன்னது பால்ல வந்துடுச்சி. அந்தப் பால மூணு வேளையும் குடிச்சது நானு. அப்போ என் பால்ல?”

கொஞ்சம் வரலாம் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு, குழந்தைக்கு அது என்ன செய்யும் என்பது தெரியாது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அக்கா சாக்கோடு புண்ணாக்கை இழுத்துப் போய்க் குழியில் கொட்டிக் கொளுத்தினாள். வாடிக்கை வீடுகளுக்கு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பாலை நிறுத்தினாள். அந்தப் பொய்யைக்கூட என்னை முறைத்துக்கொண்டேதான் சொன்னாள். கறந்த பாலை என்ன செய்வது என்பது அடுத்த சண்டை. கன்றுக்கும் விடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். சாக்கடையில் ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றினால் வீட்டை விட்டு லட்சுமி போய்விடுவாளாம். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, “கோயிலுக்குக் குடுத்துடேன், அபிஷேகம் பண்ணிடுவாங்க” என்று யோசனை சொன்னாள்.

“வெஷத்தயா? சாமிக்கா?”

“நம்ம சாமி வெஷத்த முழுங்கினவருதான, அவருக்கு இன்னா ஆவப்போவுது?”

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைத் தென்னை மரத்தடியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஈர மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் குழந்தையின் அழுகைதான் பெரிய பாடாகிவிட்டது. பால் பவுடரைக் கரைத்துச் சங்கில் புகட்டினால் பாதியைத் துப்பியது, மீதியைக் கக்கியது. பெற்றவளுக்கோ மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பீய்ச்சிப் பீய்ச்சிக் கீழே விட்டுக்கொண்டு அவளும் அழுதாள். பெயர்கூட வைக்காத குழந்தை, இன்னும் கண்ணை நிறுத்தி ஒருத்தரைப் பார்க்கத் தெரியாத குழந்தை. என்னுடைய குச்சியால் அதன் வாயில் மண் விழுந்துவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குழந்தைகள் டாக்டர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“கெட்ட பாலை நிறுத்திட்டீங்க இல்ல? அது போதும். சாப்பிடறது சரியானா பாலும் தானே சரியாயிடும்மா. தாய்ப்பாலை நிறுத்தினதுதான் தப்பு. இன்னிக்கே குடுங்க. உங்க பாலை விட இந்தக் குழந்தைக்கு நல்லது வேற எதுவும் இல்ல” என்றார்.

அங்கே அக்கா மகள் தலையை ஆட்டினாள். வெளியே ஆட்டோவில் ஏறியதும் மறுபடி பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

“ஏன்டி, டாக்டர் அவ்ளோ சொன்னாங்களே!” என்றேன்.

“வாயால சொன்னாங்க சித்தி. மாட்டுப் பாலுக்கு மட்டும் நீ வாய நம்பல, குச்சிய நம்புன. என் பாலுக்கு இன்னாத்துக்கு வாயி? குச்சில காட்டு, குடுக்குறேன்.”

அந்தக் குச்சி பசும்பாலுக்கென்று செய்தது, தாய்ப்பாலுக்கு அது சரியாகச் சொல்லாது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பால் பால்தானே என்று ஒரே பிடி. என் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருக்கிறது, யாரைக் குறை சொல்வது?

அடுத்த நாள் காலை மூன்று தலைமுறையும் பஸ் ஏறி எங்கள் படிக்கட்டில் ஏறி வந்தார்கள். அக்கா கையில் ஒரு பாட்டில், மகள் கையில் மூடி போட்ட ஒரு டம்ளர். அக்கா போளூர்க்காரியிடம், “உங்க மேடத்தாண்ட சொல்லும்மா, மாட்டுக்குப் பச்சத் தழையும் தவிடும்தான் வெச்சிக்கினு கீறேன். காலைல கறந்தது, பாத்துச் சொல்லச் சொல்லு” என்றாள். நான் அவளுக்கு எதிரிலேயேதான் நிற்கிறேன். போளூர்க்காரியும் விடவில்லை, என் பக்கம் திரும்பி, “மேடம், மாட்டுக்குத் தவிடாம்” என்றாள்.

மாட்டுப் பாலை வைத்தேன். இரண்டு கோடு வந்தது. இரண்டும் பளிச்சென்று, சந்தேகமில்லாமல் வந்தது. தூக்கி மூன்று பேருக்கும் காட்டினேன். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு ‘ஹும்’ என்றாள்.

“பாத்தியா? தீனிய நிறுத்தினதும் மாட்டுக்கே சரியாயிடுச்சி” என்றேன் மகளிடம்.

“அது மாட்டுக்கு. எனக்கு?” என்று டம்ளரை மேடை மேல் வைத்தாள்.

டம்ளரின் அடியில் கொஞ்சமே கொஞ்சம் பால், நீலம் பாய்ந்தது மாதிரி மெலிசாக இருந்தது. ஊரில் விற்கிற அத்தனை பாலையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன், இதைத் தொட மட்டும் மனசு வரவில்லை. இந்தக் கோடு வந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை. வராமல் போனால்? அதற்கும் அர்த்தம் இல்லைதான், ஆனால் இவள் பிறகு ஜென்மத்துக்கும் குழந்தையை மார்பில் வைக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கேட்டு நிற்கிறாளே, பெற்றவள். குழியில் விட்டேன். குச்சியை நிறுத்தினேன். டைமரைத் திருகி வைத்தேன்.

குழந்தை முழித்துக்கொண்டது. முதலில் முனகியது, பிறகு வீறிட்டது. அக்கா சங்கை எடுத்தாள். நாக்கால் தள்ளிவிட்டு இன்னும் பலமாகக் கத்தியது. முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, காலை உதைத்து உதைத்து, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. கீழ் வீட்டு அம்மா படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

“சித்தி, இன்னும் எவ்ளோ நேரம்?”

“கொஞ்ச நேரம்மா, இதோ.”

அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சுடிதாரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் வட்டம் கட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவைச் சுருட்டி அழுத்தினாள். நிற்கவில்லை. துப்பட்டாவும் நனைந்தது. குழந்தை அழ அழ அவளுக்குப் பால் வழிந்துகொண்டே இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“அய்யோ, குடும்மா அவள” என்று அக்காவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, குப்பி அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை முட்டி முட்டித் தேடியது. பிறகு சட்டென்று சத்தம் நின்றுபோனது. மடக் மடக்கென்று விழுங்குவது மட்டும் கேட்டது.

எனக்குக் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அப்புறம் என்னைத்தான், என்னையே பார்த்து, “மரமாட்டம் நின்னுக்கினு கீறியே, அந்த ஜன்னல சாத்துடி. கொழந்த மேல காத்து அடிக்குது” என்றாள்.

டைமர் அடித்தது. யாரும் திரும்பவில்லை. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.